அண்ணன் வாய்விட்டுச் சொல்லாத மரத்தின் பெயர்

எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. "மலரு கிலருன்னு போட்டு என்னையப் பெரிய மனுசனாக்கிராதீங்க" என்று சொன்னவர்தான். ஆனால் நினைவு மலர் போட்டால் அதில் ஒரு விஷயம் வந்தே தீர வேண்டும் என்று சொன்னவரும் அவரே. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரில், மல்லிகைத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில். அப்பா இறந்தபோது அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. தோட்டம், அம்மா, தங்கையான நான் எல்லாரும் அவர் தலையில் விழுந்தோம். கிணறு வற்றிய கோடைகளில் திண்டுக்கல் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலைக்குப் போனார். அந்த வாடையோடு டவுன் பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "நல்லதுதான, தாராளமா ஒக்காந்து வாரேன்" என்பார். அந்தக் கூலியில்தான் என் திருமணம் நடந்தது.

தோட்டத்தோடு அப்பா விட்டுப்போன இன்னொரு சொத்து பச்சிலை மருத்துவம். ஆத்தூர் அணைக்கு மேலே மலையடிவாரக் காட்டில் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்பது அண்ணனுக்குத் தெரியும். சளிக்கு ஆவி பிடிக்க நொச்சி, இருமலுக்கு ஆடாதோடை, உடம்பு வலிக்குக் காய்ச்சிக் குளிக்கத் தழுதாழை என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொண்டுவந்து கொடுப்பார். தன் நிழல் செடியின் மேல் விழக்கூடாது என்பதற்காக வெயில் வருமுன்னே கிளம்பிவிடுவார். பறிக்கும் முன் செடியிடம் அனுமதி கேட்பார். "என்னண்ணே சொல்லுச்சு?" என்று கிண்டல் செய்வேன். "சரின்னுச்சு. ஒன்னைய மாதிரி எதுத்துப் பேசல" என்பார்.

அண்ணனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நாய்க்கடி மருந்து. ஒரு மரத்தின் வேர்ப்பட்டையை இடித்துக் கருப்பட்டியில் உருட்டிக் கொடுப்பார். உப்பு, புளி கூடாது. காசு வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மரத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் மருந்து பலிக்காது என்பது அப்பா காலத்திலிருந்து வந்த கட்டுப்பாடு. கூடப் பிறந்த எனக்கும் சொன்னதில்லை, கட்டிய அண்ணிக்கும் சொன்னதில்லை.

ஒரு சமயம் பக்கத்து ஊரில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் நாய்க்கடியோடு வந்தார். தனியாள் என்பதால் பத்தியக் கஞ்சியை எங்கள் வீட்டிலேயே குடித்தார். புண் ஆறி ஊர் திரும்பியவர், சில வாரங்களில் தண்ணீரைக் கண்டாலே அலறினார். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் இறந்துபோனார்.

"பத்தியத்த முறிச்சிருப்பான்" என்றது ஊர். அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். ஆனால் துக்கம் கேட்கப் போன இடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "எங்க வீட்டுக் கஞ்சியத்தான குடிச்சாரு? பத்தியம் முறியல. மருந்துதான் கேக்கல. இத்தன நா பொழச்சவுகளக் கடிச்சது வெறி இல்லாத நாயி. அம்புட்டுத்தான்." அதன்பிறகு வெகுநாள் அவர் காட்டுப் பக்கம் போகவில்லை. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை.

அடுத்து நாய் கடித்தது என் கணவரை. திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவர். இரும்போடு மல்லுக்கட்டுபவருக்கு ஊசி என்றால் மட்டும் நடுக்கம். பட்டறைக்குப் பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்க, என்னையும் என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஆத்தூருக்குப் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"மச்சான், ஒங்க கையால ஒரு உருண்ட குடுங்க, போதும்" என்றார்.

அண்ணன் அவருடைய கடிபட்ட காலை மோட்டார்த் தண்ணீரில் நீட்டி, சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார். பிறகு வண்டியை எடுத்தார். "ஏறுங்க மாப்ள. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஊருக்கெல்லாம் குடுத்தீக. சொந்தத் தங்கச்சி புருசனுக்குக் குடுக்க மனசு வரலையா?" என்று என் மாமியார் கத்தினார்.

"என் தங்கச்சி தாலிய வச்சு நான் சோதன பாக்க முடியாதுங்க அத்தை" என்றார் அண்ணன். குரல் உடைந்துபோயிருந்தது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் என் கணவர் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினார். அவ்வளவு ஊசியையும் போட்டுக்கொண்டு இன்றும் நலமாக இருக்கிறார். இந்த மலரின் எழுத்துப் பிழைகளைத் திருத்தியவரும் அவரே.

அண்ணனின் கைராசி போய்விட்டது என்று ஊரில் பேசினார்கள். அது அவரை வருத்தியது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நாய்க்கடியோடு யார் வந்தாலும் சோப்பை எடுத்துக் கொடுத்து, வண்டியில் ஏற்றி ஊசி போட அழைத்துப் போனார். நொச்சியும் ஆடாதோடையும் மட்டும் கடைசிவரை கொடுத்தார்.

மூச்சுத் திணறலோடு அண்ணன் படுத்திருந்த நாட்களில், கேட்டபோதெல்லாம் ஓடி வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், தோட்டத்தில் பூப்பறித்துத் தந்த அக்கம்பக்கத்தாருக்கும், காரியத்தன்று திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து வந்து பந்தியில் நின்று பரிமாறிய தோல் ஷாப் பாய்களுக்கும், அவர் பக்கத்தைவிட்டு நகராத அண்ணிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இனி, அண்ணன் போடச் சொன்னது. மறைவதற்குச் சில நாள் முன்பு என் கையைப் பிடித்து, மரத்தின் பெயரை முதல்முறையாக என் காதோடு சொன்னார். பிறகு சொன்னார்: "நான் போயிட்டா எவனாச்சும், அவரு எனக்குச் சொல்லிக் குடுத்தாருன்னு கெளம்புவான் தாயி. அத நம்பி நாலு பேரு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருப்பாக. நீ அந்தப் பேர மலர்ல போட்டுரு. பேரச் சொன்னா பலிக்காதுன்னுதான ஊரு நம்புது? நம்பட்டும்."

உறவினர்களே, நண்பர்களே, அந்த மரத்தின் பெயர் அழிஞ்சில். சொல்லிவிட்டேன். இனி அந்த மருந்து பலிக்காது. நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.