போதகர் வீட்டு அடுப்பில் பால் காய்ச்சியது

பாலுக்குள் விழுந்த அந்தப் பழுப்புத் துளியை, செத்துப்போன ஸ்கொட்லாந்துப் போதகரின் கோபம் என்றுதான் நான் முதலில் நம்பினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கம்பியூட்டர் வேலை. இருந்தும் நம்பினேன்.

கனடாவில், மார்க்கம் நகரத்துக்கு வடக்கே நாங்கள் வாங்கிய கல்வீடு, ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்த கமக்காரர் தங்கள் போதகருக்குக் கட்டியது. ஊரில் விட்டுவந்த போதகர் வீட்டை ஞாபகத்திலிருந்தே எழுப்பியிருக்கிறார்கள்: வயலில் பொறுக்கிய கல், சுண்ணாம்புச் சாந்து, இரண்டடித் தடிப்பில் சுவர், கஞ்சத்தனமான யன்னல்கள். போதகரின் படிப்பறைக்கு மட்டும் வெளியிலிருந்து தனிக்கதவு. குறை சொல்ல வருகிறவர்கள் வீட்டுக்காரியின் தரையைச் சேறாக்கக் கூடாதாம். எனக்கு அந்தக் கதவு பிடித்தது. மனைவிக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

"பால் பொங்கட்டும். பொங்காட்டி நான் ஸ்காபரோவுக்கே திரும்பிப் போறன்" என்றாள். பழைய அப்பார்ட்மெண்ட் சாவி இன்னும் அவளுடைய கைப்பையில்தான் இருந்தது.

மின்னடுப்பில் வைத்திருந்தால் வம்பில்லை. படிப்பறையின் கிழக்குச் சுவரில் போதகர் குளிர்காய்ந்த அடுப்பைக் கண்டதும் எனக்குத்தான் ஆசை முற்றியது. மேல்தட்டில் பிள்ளையார் படத்தை வைத்து, விறகு மூட்டி, பானையை ஏற்றினேன். கல் சூடேற, நாற்றம் வந்தது. மூத்திரமும் அழுகலும் கலந்து நாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும் நாற்றம். பிறகு புகைபோக்கிக்குள்ளிருந்து கூழ்போல ஏதோ வழிந்து, பொங்கவிருந்த பாலுக்குள் சொட்டியது. இன்றுவரை நான் கூழ் குடிப்பதில்லை.

விக்கிரகமே ஆகாத மனிதரின் அடுப்பில் பிள்ளையார்! படத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து, "சொறி ஃபாதர்" என்று மன்னிப்புக் கேட்டேன்.

மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். "ஆரோட கதைக்கிறியள்?"

"போதகரோட."

"அவர் ஃபாதர் இல்லையப்பா, அவை கலியாணம் கட்டுற ஆக்கள். அந்தப் போதகரின்ர மனிசி உந்த நாத்தத்துக்குள்ள எப்பிடிக் குடும்பம் நடத்தினவ எண்டு கேளுங்கோ."

கேட்க நேரமில்லை. தனிக்கதவால் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். தரை சுத்தமாகவே இருந்தது.

அடுத்த நாள் புகைபோக்கி துப்புரவாக்குபவர் வந்து, அதற்குள் கட்டியிருந்த கல்திட்டிலிருந்து மூன்று பை நிறைய அள்ளினார். ரக்கூன் பீ. பூனையை விடப் பெரிய அந்த இரவுப் பிராணிகள் குடும்பம் குடும்பமாக, வருடக்கணக்கில் அதைக் கக்கூசாக வைத்திருந்திருக்கின்றன.

"ரக்கூனோ? உது ஸ்காபரோவிலயும் இருக்குத்தானே" என்றாள் மனைவி.

மின்னடுப்பில் பால் பொங்கியது. திங்கட்கிழமை அவள் பழைய அப்பார்ட்மெண்ட் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.