இருக்கீகளா?

ஏழாயிரம்பண்ணைக்குள் எங்கள் பஸ் நுழைந்தால் பைத்தியக்கார வண்டி வந்துவிட்டது என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே கம்ப்யூட்டர், கேமரா, கூரையில் டிஷ். மதுரையில் இருக்கும் மனநல டாக்டர் திரையில் வந்து பேசுவார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அது பெரிய அதிசயம். கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்தப் பெண்ணைப் புருஷன் கூட்டி வந்தார். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறவள். கூடவே வேலை பார்த்த சொந்த அக்கா வெடி விபத்தில் இறந்துபோனாள். அதிலிருந்து இவளுக்குத் தூக்கமில்லை, பேச்சில்லை, உள்ளங்கையால் தொடாமல் எந்த வாசலிலும் நுழைவதில்லை என்றார்.

தொடுவது எதற்கென்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்கட்டும் என்று அதில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பொறி போதும்.

எங்கள் பஸ்ஸின் இரும்புப் படியையும் தொட்டுவிட்டுத்தான் ஏறினாள். டாக்டர் என்னென்னவோ கேட்டார். பதிலுக்கு அவள் திரையைக் காட்டி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அவுக தொட்டுட்டுத்தான் உள்ள போனாகளா?"

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து பக்கத்திலிருந்த இரும்பு பீரோவில் கையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

"அன்னைக்கு நான் தொடலை," என்றாள். "அக்கா அவசரமாக் கூப்புட்டா. அப்படியே உள்ள போயி தட்டை எடுத்துக் குடுத்துட்டு வெளிய வந்தேன். திரும்பிப் பாத்தா அறையே இல்ல."

அந்த நேரம் பார்த்துத் திரை இருண்டது. வானம் மூடினாலே எங்களுக்கு லைன் போய்விடும். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எழுந்து நின்றுவிட்டாள்.

"அங்கயும் போயிருச்சா?"

மேகம்தான், வந்துவிடும் என்றேன். அவள் காதில் ஏறவில்லை. லைன் திரும்ப வரும்வரை கண்ணெடுக்காமல் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் முகம் தெரிந்ததும் கேட்டாள்.

"இருக்கீகளா?"

"இருக்கேம்மா."

உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அக்காவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாதவள் என்று புருஷன் சொன்னார். டாக்டர் அழ விட்டார். தீ எதனால் பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது என்று பிறகு நிதானமாகச் சொன்னார். மாத்திரை எழுதினார்.

அதன்பின் ஒவ்வொரு தடவையும் அவளுடைய முதல் கேள்வி அந்த 'இருக்கீகளா'தான். அவரும் சலிக்காமல் பதில் சொல்வார். மெல்ல மெல்லத் தூங்க ஆரம்பித்தாள். பஸ் படியைத் தொடாமல்கூட ஒருநாள் ஏறிவிட்டாள். எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

அன்றைக்குப் பேசி முடித்து டாக்டர் போய்விட்டார். திரையை அணைத்தேன். புருஷன் கீழே காத்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அக்கா, இருக்கியா?"

கழற்றப் போன ஒயர் என் கையிலேயே இருந்தது. நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.