சிங்கவாய்க் குழாயின் சாசனம்

பொய் சொல்லி நான் பெரிய மனுஷியானது ஒன்பது வயதில், எங்கள் தெருமுனைக் குழாயடியில். புதுச்சேரியில் அந்தக் காலத்தில் வீட்டுக் கிணறெல்லாம் உப்பு. முத்திரையர்பாளையத்திலிருந்து குழாயில் வருகிற தண்ணீரில்தான் பருப்பு வேகும். எங்கள் தெருக் குழாய், பிரெஞ்சுக்காரன் கப்பலில் கொண்டுவந்து நட்ட ஆளுயர இரும்புத் தூண். நடுவில் ஒரு சிங்கமுகம், அதன் வாயிலிருந்துதான் தண்ணீர் விழும். எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த முகத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். எந்தச் சீமையிலோ வார்த்த சிங்கம், என்ன புண்ணியம் செய்ததோ, எங்களிடம் வந்து அம்மனாகிவிட்டது.

அந்தக் குழாயடிக்கு ராணி எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா. அவளுக்கு ஒரு கால் சூம்பியிருக்கும். குழாய் வீட்டு வாசலிலிருந்து பத்தடியில் இருந்ததால் வீட்டுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் அவளே பிடித்துப் போட்டுவிடுவாள். அந்தத் தெம்பில்தான் தம்பி வீட்டில் தலைநிமிர்ந்து இருந்தாள், ஊரையும் அதட்டினாள்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். லாரி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது, குழாயைப் பிடுங்கி இரண்டு தெரு தள்ளி வைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அத்தைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் எஞ்சினியர் நேரில் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், ஒரு கை புளியை எடுத்துக்கொண்டு போய்ச் சிங்கத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

"அடியில ஒரு தகடு இருக்குடீ. வெள்ளக்காரன் எதையும் எழுதாம வுடமாட்டான். இந்தத் தண்ணி நமக்குன்னு எழுதியிருப்பான் பாரு."

வருஷக்கணக்கில் அப்பிய குங்குமம் கரைந்து, எழுத்து வெளியே வந்த நேரத்தில் எஞ்சினியரும் வந்து நின்றார். அத்தை விடவில்லை. "எங்க தம்பி மேரியில குமாஸ்தா சார். பிரெஞ்சுக் காயிதமெல்லாம் அவன்தான் படிச்சிச் சொல்றது," என்று, நாங்கள் மேரி என்று சொல்லும் நகரசபைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவை இழுத்துவந்து நிறுத்தினாள்.

அப்பா குனிந்தார். அவர் கக்கத்துக்குக் கீழே நானும் தலையை நுழைத்தேன். ஒரு இரும்புப் பட்டறையின் பெயர், பிரான்சில் ஏதோ ஒரு ஊரின் பெயர், ஒரு வருஷம். அவ்வளவுதான்! வகுப்பில் பிரெஞ்சில் நான்தான் முதல், எனக்கா தெரியாது?

அப்பா நிமிர்ந்து அத்தையின் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பத்திரம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்: இந்த நீர் இத்தெருக் குடிகளுக்கு உரியது, அவர்தம் பிள்ளைகளுக்கும் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் உரியது, இதை இடம்பெயர்க்க எவருக்கும் அதிகாரமில்லை... போய்க்கொண்டே இருந்தது. பெண்கள் வாயில் கைவைத்துக் கேட்டார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிரெஞ்சு எழுத்துக்கு மேலே போடுகிற சின்னக் கோடு ஒன்று விட்டுப்போனாலே பக்கம் முழுவதையும் திரும்ப எழுதவைக்கிற அப்பாவா இது! எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அப்பா, அதுல அப்படி..."

அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அதற்குள் எஞ்சினியர் திரும்பிவிட்டார்.

"பாப்பாவுக்கும் பிரெஞ்சு தெரியுமா? அப்பா படிச்சது சரியாம்மா?"

அப்பாவின் நெற்றி வேர்த்திருந்தது. அவர் அப்படிக் கெஞ்சலாக என்னைப் பார்த்து நான் கண்டதே இல்லை. கிள்ளின கையை அத்தை என் தோளில் வைத்தாள்.

"சரிதான் சார்," என்றேன். சொன்னதும் ஒரு துணிச்சல் வந்துவிட்டது. "ஒரு வரி மட்டும் அப்பா வுட்டுட்டாரு. இதப் புடுங்குறவங்களுக்கு வயித்துவலி வரும்னும் போட்டிருக்கு."

எஞ்சினியர் தலையை ஆட்டினார். குனிந்து தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு சிங்கத்தின் வாயில் இரண்டு கையையும் ஏந்தி வயிறு முட்டக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணிம்மா," என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். எதிர்ப்பக்கத்துச் சாக்கடையை மூடி லாரிக்கு வழி விட்டார்கள். குழாய் நின்ற இடத்திலேயே நின்றது. அத்தை எனக்கு ஒரு வாரம் வெல்லமாகக் கொடுத்தாள். அப்பா மட்டும் சில நாள் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

பிரெஞ்சு தெரியாத ஒரு பெரிய மனுஷனை ஏமாற்றிவிட்டோம் என்று நான் ரொம்ப நாள் கர்வத்தோடு திரிந்தேன், பாவம் என்றுகூட அவரை நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஆரம்பித்தார்கள். முதல் நாள், டீச்சர் கரும்பலகையில் எழுத்துகளை வரிசையாக எழுதினார். எனக்குப் பகீரென்றது. ஐயையோ, இது எல்லாம் நம்ம பிரெஞ்சு எழுத்தாச்சே!

பட்டறைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் படிக்க இங்கிலீஷ் படித்த அந்த மனுஷனுக்குப் பிரெஞ்சே வேண்டியிருக்கவில்லை. அப்பா செருமுவதற்கு முன்பே படித்து முடித்திருப்பார். வயிற்றுவலி வரிக்கு எப்படித்தான் சிரிக்காமல் நின்றாரோ!