விமான மூடிக்குப் பட்டை ஒட்டப் போனேன்

நான் கார் சீட்டு தைக்கிறவன். இன்று சூலூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில், பழைய இரண்டு சீட்டு விமானத்துக்கு வேலை. இன்ஜின் மூடியின் ஓரம் உரசிப் பெயிண்ட் போகாமலிருக்க, அடியில் பட்டை ஒட்ட வேண்டும்.

துணிப் பட்டையா, ரப்பரா என்று விமானக்காரரோடு ஆரம்பித்த பேச்சு, ஆட்டுக்கு வரும் சளி வரைக்கும் போனது. என் வீட்டுக்காரி தவறிப்போன பிறகு நான் இவ்வளவு பேசியதில்லை.

ஒட்டி முடித்து ஒரு மணி நேரமானது.

"மூடிப்போடலாமுங்களா?" என்றார்.

"பசை காயோணுமுங்க. நாளைக்கு வந்து பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க."

விரலால் தொட்டுப் பார்த்தார். "காஞ்சுபோச்சுங்களே!"

"உள்ள ஈரமுங்க."

சிரித்துவிட்டார். "அப்ப நாளைக்குச் சோத்துக்கே வந்துருங்ண்ணா. நானும் ஒண்டியாத்தானுங்க திங்கறேன்."

நாளைக்குச் சரி. நாளை மறுநாள் என்ன சொல்லிக்கொண்டு போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.