எட்டு வால்வும் ஒரு போத்தல் பெற்றோலும்

போன கிழமை நெளுக்குளத்தில் ஒரு கராஜுக்குப் போயிருந்தேன். எங்கள் கார் கொஞ்ச நாளாக மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. கராஜ்காரத் தம்பி ஒரு சின்ன மெசினை ஸ்ரியறிங்குக்குக் கீழே செருகித் திரையைப் பார்த்துவிட்டு, "காத்து உள்ள வாற பக்கம்தான் பிழை காட்டுது அன்ரி" என்றார். எனக்கு ஆசை பொறுக்கவில்லை. காற்று எடுக்கிற அந்த வால்வைக் கொஞ்சம் காட்டுங்கோ என்று கேட்டேன். அதெல்லாம் திறந்து பார்க்கத் தேவையில்லை என்று சொல்லி, எஞ்சினை மூடியிருந்த கறுத்த பிளாஸ்ரிக் மூடியைத் துணியால் துடைத்துவிட்டார். கோயிலுக்குப் போய்த் திரைச்சீலையைக் கும்பிட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு அவர் வேறு ஏதோ சாமானை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவத் தொடங்கினார். அந்த மணம் வந்ததுதான் தாமதம், நான் அந்தக் கராஜில் இல்லை.

யுத்தத்தில் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் வன்னி முழுக்க அந்த மணம்தான். பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. காரும் மோட்டார்சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. உருத்திரபுரத்தில் நான் படிப்பித்த வகுப்பில் பிள்ளைகளின் கொப்பியிலும் அந்த மணம், என் சோற்றுப் பார்சலிலும் அந்த மணம். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ரார்ட் வராது. அதற்கு மட்டும் எண்ணெயும் காற்றும் கலக்கிற கார்பரேற்றரின் வாயில் நாலு சொட்டுப் பெற்றோல் விட வேண்டும். ஆகவே வாகனம் வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். மனிசிமாரின் நகையைவிடக் கவனமாக அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

செல்லையா அண்ணையிடம் ஒரு பழைய ஏ ஃபோர்ட்டிக் கார் இருந்தது. கலியாணம், பிரசவம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் ஊரில் அந்த ஒரு கார்தான். என் கலியாணத்துக்கும் அதுதான். முரசுமோட்டைக் கோயிலில் தாலிகட்டு, பத்தரைக்குள் ஏற வேண்டும். மாப்பிள்ளை முதலே போய்விட்டார். சாதிசனம் உழவுமெசின் பெட்டியில் போய்விட்டது. செல்லையா அண்ணை ஓட்ட, நானும் அம்மாவும் பின்னால் ராணிகள் மாதிரி காரில் போனோம்.

பரந்தன் தாண்டி வயல்வெளிக்குள் வந்ததும் கார் தும்மத் தொடங்கியது. உண்மையான தும்மல்தான், பகிடி இல்லை. முன் மூடிக்குள்ளிருந்து டப், டப் என்று சத்தம். மூன்றாவது தும்மலோடு நின்றுவிட்டது. அம்மா எல்லாத் தெய்வத்தையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார். மணி ஒன்பதரை ஆகிவிட்டது.

செல்லையா அண்ணை எஞ்சினின் தலை மூடியைக் கழற்றினார். தும்மல் கார்பரேற்றரால் வருகிறது, அப்படியென்றால் காற்று உள்ளே எடுக்கிற வால்வு ஒன்று மண்ணெண்ணெய்ப் பிசினில் ஒட்டிப்போய் மூடாமல் நிற்கிறது என்றார். எஞ்சினைக் கையால் சுற்றுகிற கம்பியை முன்னால் செருகிச் சுற்றிக் காட்டினார். எட்டு வால்வும் வரிசையாக ஏறி இறங்கின. இடதுகைப் பக்க அந்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மட்டும் சோம்பலாக எழும்பின. அந்த இரண்டில் ஒன்று காற்று எடுப்பது, மற்றது புகை விடுவது. ஒட்டியதைக் கழுவ எங்களிடம் இருந்தது அந்த ஒரு போத்தல் பெற்றோல். எஞ்சின் ஆறினால் ஸ்ரார்ட் பண்ணவும் அதுதான்.

இந்த இடத்தில்தான் விஞ்ஞான ரீச்சர் காரை விட்டு இறங்கினா. வேறு யார், நான்தான்! கரும்பலகையில் இந்த எஞ்சினை எத்தனை தரம் கீறியிருப்பேன். ஒரு சிலிண்டர், இரண்டு வால்வு. இடப்பக்கம் நீலச் சோக்கில் காற்று வருவது, வலப்பக்கம் சிவப்புச் சோக்கில் புகை போவது. உண்மையான எஞ்சினை மூடி கழற்றி நான் கண்டதே இல்லை, அது வேறு கதை. காற்று எடுப்பது இடப்பக்கம் இருப்பதுதான் என்று அடித்துச் சொன்னேன். செல்லையா அண்ணை தலையைச் சொறிந்தார். குழாய் வருகிற இடத்தைப் பார்த்தால் மற்றது போல இருக்கிறதே என்று முனகினார். பிறகு, "நீங்கள் படிப்பிக்கிறனீங்கள் ரீச்சர், உங்களுக்குத்தானே தெரியும்" என்று பாதிப் போத்தலை நான் காட்டியதில் ஊற்றிவிட்டார்.

சரிவந்ததா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. அவர் கம்பியைச் சுற்ற, ஒருவர் கார்பரேற்றரின் வாயை உள்ளங்கையால் மூடிப் பிடிக்க வேண்டும். உறிஞ்சினால் சரி, ஊதினால் பிழை. மருதோன்றி போட்ட கையை நான் வைத்தேன். அம்மா என் தலைக்கு மேலே குடையைப் பிடித்தபடி, கலியாணப் பொம்பிளை செய்கிற வேலையா இது என்று புலம்பிக்கொண்டு நின்றார். எஞ்சின் என் கையில் பூ என்று ஊதியது.

அப்போதுதான் கார்பரேற்றரிலிருந்து போகிற குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தேன். விரல் நேரே வலப்பக்க வால்வுக்கு முன்னால் போய் நின்றது. அடுத்த சோடியில் இடப்பக்கம் வந்தது, அதற்கடுத்ததில் திரும்ப வலப்பக்கம். நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு என்னுடைய நீலச் சோக்கும் சிவப்புச் சோக்கும் தெரியுமா? வெட்கத்தில் முகப்பவுடர் எல்லாம் வேர்த்துக் கரைந்தது. மிச்சப் பாதியைச் சரியான வால்வில் ஊற்றி, சுத்தியல் பிடியால் அண்ணை பதமாகத் தட்டினார். திரும்பச் சுற்றியபோது என் உள்ளங்கையை எஞ்சின் இழுத்துப் பிடித்தது பாருங்கள், அந்தச் சந்தோசத்தில் நான் நடுறோட்டில் துள்ளிவிட்டேன்.

துள்ளி முடிந்த பிறகுதான் போத்தலைப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. எஞ்சினும் ஆறிவிட்டது. என் வாய்க்கொழுப்பால் என் கலியாணம் வயலுக்குள் நிற்கிறது என்று அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து வெள்ளைப் புகையோடு ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. அதை ஓட்டி வந்தவர் பின்னால் நெல் மூட்டை கட்டியிருந்தார். எஞ்சினை நிற்பாட்டாமலே காலை ஊன்றி என்ன ஏது என்று கேட்டார். என் சேலையைப் பார்த்தார், கரி பிடித்த கையைப் பார்த்தார். சேட்டுப் பொக்கற்றிலிருந்து தன்னுடைய மருந்துப் போத்தலை எடுத்து நீட்டினார். "உங்களுக்கு?" என்று செல்லையா அண்ணை கேட்டார்.

"நான் நிப்பாட்டாமல் வீட்டை போயிடுவன். நீங்கள் விடுங்கோ, நேரம் போகுது."

அதில் இருந்ததே நாலு சொட்டுத்தான், அதை விட்டதும் கார் பிடித்தது. முதல் உறுமலுக்கு அவரும் எங்களோடு சேர்ந்து கைதட்டினார். கைதட்டியதில் முறுக்கிப் பிடித்திருந்த கை விட்டுப்போய், அவருடைய மோட்டார்சைக்கிள் நின்றுவிட்டது. உதைத்து உதைத்துப் பார்த்தார், சூடாக இருந்தும் அந்தப் பழைய எஞ்சின் பெற்றோல் இல்லாமல் பிடிக்கவில்லை. எங்களுக்கு ஐயோ என்றாகிவிட்டது. போத்தலைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அதில் ஈரம் மட்டும்தான். அவர் சிரித்துக்கொண்டே போ போ என்று கையைக் காட்டினார். பின் கண்ணாடியால் பார்த்தேன். நெல் மூட்டையோடு அதை உருட்டத் தொடங்கியிருந்தார்.

தாலி கட்டி, என் கையைப் பிடித்தபோது இவருடைய கையும் கரியாகிவிட்டது. "என்ன, காரைத் தள்ளிக்கொண்டோ வந்தனீர்?" என்று காதுக்குள் கேட்டார். ஐயருக்கு முன்னால் நான் சிரித்த சிரிப்புக்கு அம்மா ஒரு மாதம் ஏசினார்.

இப்போது அந்தத் தெரு தார் போட்டு வழுவழுத்த கார்பெற் றோட்டு. பெற்றோல் செட்டும் இருக்கிறது. பொக்கற்றில் மருந்துப் போத்தலோடு யாரும் திரிவதில்லை, திரியவும் வேண்டாம். செல்லையா அண்ணையும் இல்லை, காரும் இடம்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. அந்த மனுசனின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் உருட்டினாரோ. நாங்கள் நேரத்துக்குப் போனோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டே உருட்டியிருப்பார், எனக்குத் தெரியும்.

போய்ச் சேர்ந்திட்டம் அண்ணை. பத்து இருபத்தைந்துக்குத் தாலி ஏறினது.