ஆளுக்கொரு வேலை எடுத்துச் செய்த கல்யாணம்

கல்யாண மண்டபத்து மேனேஜர் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு மறுநாள் திருப்பி வாங்கிக்கொள்கிற வேலை என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். நடுவில் நடக்கிறதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பதற்குத்தான் உண்மையில் எனக்குச் சம்பளம். வீட்டில் ஒரு கல்யாணம் செய்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மாமா மண்டப வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது, ஓடி வந்து அவருக்கு நாற்காலி போட்டது என்னைப் போல ஒருத்திதான்.

செவிலிமேட்டில் எங்கள் மண்டபம் சின்னது. மேலே கல்யாண ஹால், கீழே சாப்பாட்டுக்கூடம், பின்னால் சமையற்கட்டு. ஏ.சி. கிடையாது. செலவை அடக்கிச் செய்ய நினைப்பவர்கள்தான் இங்கே வருவார்கள். அப்படி வந்தவர்களில் தேவியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பெண்ணே வந்து கேட்டது

மண்டபம் பார்க்க வழக்கமாகப் பெரியவர்கள்தான் வருவார்கள். தேவி தானே வந்தாள். டவுனில் ஒரு பட்டுக்கடையில் வேலை. நாள் முழுக்க மற்ற பெண்களுக்குக் கல்யாணப் புடவையை விரித்துக் காட்டுகிறவள். அம்மா தவறிவிட்டார். அப்பா முருகேசன் பிள்ளையார்பாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். அன்றைக்கு அவரும் கூட வந்திருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"முன்னாடி நாள் ரிசப்ஷன் வேணாம் மேடம். காலையில தாலி கட்டு, மதியம் சாப்பாடு, அவ்ளோதான். சமையல், மேடை எல்லாம் எங்க ஆளுங்களே பாத்துக்குவாங்க" என்றாள் தேவி. யார் அந்த ஆட்கள் என்று கேட்டேன். "இனிமேதான் மேடம் கேக்கணும்" என்று சிரித்தாள். அப்பாவுக்கு மெயின் ரோட்டில் பெரிய மண்டபம் பிடித்து, வட்டிக்கு வாங்கியாவது செய்துவிட வேண்டும் என்று ஆசை. இவளுக்கு அதில் இஷ்டமில்லை. ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளையும் இவள் பக்கம். அவர்கள் கிளம்பும்போது வெளியே போய் முருகேசனிடம், "நல்ல பொண்ணுங்க" என்றேன். அவர் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவளே போயி கேக்கட்டும்மா. நான் யார் வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்."

மொய் வேணாம், ஆள் வேணும்

தேவி சொன்னபடியே வீடு வீடாகப் போனாள். மொய் எழுத வேண்டாம், ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவள் கேட்டது. வசந்தா சித்தி, அவள் அம்மாவின் தங்கை, சமையலுக்கு வருவதாகச் சொன்னார். அப்பாவின் தங்கை சரோஜா அத்தையும் சமையலுக்கே வருவதாகச் சொன்னார். முருகேசனின் பழைய சிநேகிதர் இஸ்மாயில் பாய் விசேஷ வீடுகளுக்குச் சமைப்பவர். பாத்திரங்களோடு வந்து அடுப்பங்கரையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். தெருப் பெண்கள் பூக்கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. மொய் வேண்டாம் என்றதையே ஒருவர் அவமானமாக எடுத்துக்கொண்டார். "அப்போ நாளைக்கு எங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்க செய்ய மாட்டீங்க, அதானே?" என்று கேட்டாராம். இன்னொரு வீட்டில் அந்த அம்மா எல்லோர் முன்னாலும், "உங்கம்மா இருந்திருந்தா உன்னை இப்பிடி வீடு வீடா அலைய விட்டிருப்பாளா?" என்றிருக்கிறார். அன்று சாயங்காலம் தேவி என் அறையில் வந்து உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள். நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். "'அம்மா இருந்திருந்தா அவங்களும் என்கூட அலைஞ்சிருப்பாங்க, கல்யாணத்துக்கு வந்துடுங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன் மேடம்."

ஆட்டோவை நிறுத்தாமல்

ஒரே ஒரு வீடு மிச்சம் இருந்தது. கூரம் கிராமத்தில் விவசாயம் பார்க்கிற ஏழுமலை, தேவியின் தாய்மாமன். தன் அக்காவுக்கு, அதாவது தேவியின் அம்மாவுக்கு, உடம்பு முடியாமல் போனபோது உடனே சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முருகேசன் இருந்துவிட்டார். அக்கா பிழைக்கவில்லை. சென்னைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் காரியத்தன்று சாப்பிடாமல் எழுந்து போன ஏழுமலை அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"மத்த எல்லார்கிட்டயும் நான் கேட்டுட்டேன்பா. மாமாவ நீங்கதான் கூப்பிடணும்" என்று தேவி அப்பாவிடம் சொன்னது என் அறையில் வைத்துத்தான். முருகேசன் எழுந்து போய்விட்டார். நான் அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருத்தர் மண்டபத்துக்கு வந்து, வாழைமரம் எங்கே கட்டுவார்கள் என்று கேட்டார். யார் என்று விசாரித்தேன். "தேவிக்கு மாமா. அவங்கப்பா வந்தாரு. வண்டிய விட்டு எறங்கல, இஞ்சினையும் ஆஃப் பண்ணல. 'தேவிக்குக் கல்யாணம், நீ வரணும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்தச் சத்தத்துல பாதி காதுல விழல. ஆனா வந்தாரில்ல?"

எந்தக் கடையில் எடுத்தது?

கல்யாணத்தன்று விடிவதற்குள்ளேயே ஏழுமலை தன் தோப்பு வாழையைக் கொண்டுவந்து வாசலில் கட்டி முடித்துவிட்டார். முருகேசன் கயிறு எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. உள்ளே தேவியோடு வேலை பார்க்கிற பெண்கள் கூட்டமாக வந்து அவளுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எடுத்தது. அதற்கு முன்னால் மேடைக்கு வர அவள் கட்டியிருந்தது அரக்கு நிறத்தில் பச்சைக்கரை போட்ட பட்டு. கூட வேலை பார்க்கிற ரேவதியின் கல்யாணப் புடவை அது.

மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் கண்டிப்பானவர். முந்தானையைக் கையில் எடுத்து ஜரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதே, எந்தக் கடையில எடுத்தது?" என்று கேட்டார். அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவி வாயைத் திறப்பதற்குள் ரேவதி, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே, மடிப்பைச் சரி செய்தபடி பதில் சொன்னாள்: "எங்க வீட்டு பீரோவுல எடுத்ததும்மா. வேணும்னா சொல்லுங்க, இன்னொண்ணும் இருக்குது."

இரண்டு சாம்பார்

சொந்தக்காரர்களைச் சமையற்கட்டில் விடாதே, சண்டை வரும் என்று எங்கள் முதலாளி போனில் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். வந்தது. வெல்லம் போட்டால்தான் சாம்பார் என்றார் சரோஜா அத்தை. வெல்லம் போட்டால் அது பாயசம் என்றார் வசந்தா சித்தி. கரண்டியை இருவரும் விடவில்லை. மேளச்சத்தத்தையும் மீறிக் குரல் மேலே ஹால்வரை வந்தது.

இஸ்மாயில் பாய்தான் அதை முடித்துவைத்தார். "ரெண்டு பேரும் ரெண்டு குண்டான்ல வைங்கம்மா, தனித்தனி அடுப்பு தர்றேன்" என்று பிரித்துவிட்டார். பந்தியில் இரண்டும் போனது. ஒன்றைக் கேட்டு வாங்கியவர்கள் மற்றதையும் கேட்டு வாங்கினார்கள். எல்லாம் ஓய்ந்தபோது பாய் தன்னுடைய பாத்திரத்தைத் திறந்து எனக்குக் காட்டினார். "பாத்தீங்களாம்மா? இவங்க ரெண்டு பேரு சண்டையில என் ரசத்தை ஒருத்தரும் தொடல."

கடைசிப் பந்தி

தாய்மாமன் செய்ய வேண்டிய சடங்கையெல்லாம் ஏழுமலை குறைவில்லாமல் செய்தார். மாலை போட்டார், நெற்றியில் பட்டம் கட்டினார், பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார். தேவி அழுதாள், அவர் அழவில்லை. ஆனால் சாப்பிடக் கூப்பிட்டபோதெல்லாம் "இருக்கட்டும்" என்று நழுவிக்கொண்டிருந்தார். பந்திகள் முடிகிற நேரத்தில் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவர் போவதை நான் பார்த்தேன். சாப்பாட்டுக்கூடத்தில் சாம்பார் வாளியோடு நின்ற முருகேசனும் பார்த்தார்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் வாசலுக்குப் போனார். வாழைமரத்துக்குப் பக்கத்தில் வழியை மறித்த மாதிரி நின்றார். "சாப்ட்டுப் போ ஏழுமலை" என்றார். ஏழுமலை அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீ சாப்ட்டியா மாமா?" என்று கேட்டார். "பொண்ணு வீட்டுக்காரன் கடைசியிலதான் சாப்பிடணும்" என்றார் முருகேசன். ஏழுமலை செருப்பைக் கழற்றினார். இரண்டு இலையை நானே போட்டேன். "நானும் பொண்ணு வீடுதான், ஒக்காரு மாமா" என்றார் ஏழுமலை.

சொந்தபந்தத்தை வைத்துச் செய்தால் செலவு குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதற்காக யார் யார் வாசலுக்கெல்லாம் போக வேண்டியிருக்கிறது என்று பார்க்கிறபோது, சிலர் ஏன் பேசாமல் வட்டிக்கு வாங்கிவிடுகிறார்கள் என்பதும் எனக்கு நன்றாகவே புரிகிறது.