சுவிச் இல்லாத குளியலறை

அருளம்பலம் குளியலறைச் சுவிச்சைக் கழற்றியது ஒரு மாரிகாலக் காலையில். சுவரில் தெரிந்த ஓட்டையின் மேல் வெள்ளைத் தகடு ஒன்றை வைத்துத் திருகாணிகளை இறுக்கினார். இராசமலர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி நான் ஃபேனை எப்பிடிப் போடுறது?"

"போடத் தேவையில்லை. உள்ளுக்கு ஈரம் கூடினால் தானே ஓடும். குறைஞ்சால் தானே நிக்கும்."

"எனக்குக் காத்து வேணுமெண்டால்?"

"உனக்கு எப்ப வேணுமெண்டு அதுக்குத் தெரியும்."

அவள் தகட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். வழவழப்பாக இருந்தது. பிறகு குசினிக்குப் போனாள்.

அருளம்பலம் திருகோணமலைத் துறைமுகத்தின் மின்பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இறங்குதுறை விளக்குகளும் பாரந்தூக்கிகளின் வயர்களும் அவருடைய பொறுப்பில் இருந்தன. உவர்மலையில் உள்ள அவருடைய வீட்டு முற்றத்தில் நின்றால் உள்துறைமுகம் தெரியும். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்பதை இப்போதும் அவர் அங்கிருந்தே பார்த்துவிடுவார். பார்த்து, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உள்ளே வருவார்.

சொல்லால் செய்ய வேண்டியவற்றையும் அவர் வயரால் செய்து பழகியிருந்தார். மைத்துனர் இறந்தபோது எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். இவர் முற்றத்துப் பந்தலுக்கு லைட் இழுத்துக்கொண்டிருந்தார். மகள் கீர்த்தனி உயர்தரப் பரீட்சைக்குக் கண்விழித்துப் படித்த காலத்தில், "போதும் பிள்ளை, போய்ப் படு" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குறிப்பிட்ட நேரமானதும் மேசை விளக்கு தானாகவே மங்கும்படி ஒரு கருவி செய்து பூட்டினார். கீர்த்தனிக்கு அது விளங்கும். விளக்கு மங்கியதும் "சரி அப்பா" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவாள்.

அந்த வீட்டில் அவர் பேசியதை விளங்கிக்கொண்டவள் அவள்தான்.

கீர்த்தனிக்குக் கிண்ணியாவில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கூட வேலை செய்யும் ஸப்வானைத் திருமணம் செய்யப் போவதாக ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள். அருளம்பலம் கையைக் கழுவிவிட்டுப் போய்க் கிணற்று மோட்டரைக் கழற்றினார். அதில் ஒரு பழுதும் இருக்கவில்லை. பொழுதுபடும்வரை அதன் பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு போன பிறகு உள்ளே வந்து மனைவியிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"இனி இந்த வீட்டில அவளின்ர கதை வேண்டாம்."

கோபத்தில் சொன்னதுதான். கோபம் மெல்ல வடிந்து போயிற்று. வசனம் போகவில்லை. எதையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த மனிதருக்கு அதைக் கழற்றத் தெரியவில்லை.

ஸப்வானைக் கட்டிக் கிண்ணியாவில் குடியிருந்த கீர்த்தனி, வேலை முடிந்த பின்னேரங்களில் அம்மாவுக்கு அழைப்பாள். அந்த நேரத்தில் அருளம்பலம் முன் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். முற்றத்தில் கதைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மிஞ்சியது குளியலறை. அதன் ஃபேன், உடைத்து விற்ற பழைய இழுவைப் படகு ஒன்றிலிருந்து அருளம்பலம் கொண்டுவந்தது. காற்றை இழுத்ததைவிட அது போட்ட சத்தம் அதிகம். இராசமலர் துவாய்க்குள் போனைச் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். கதவைப் பூட்டி, சுவிச்சைப் போட்டு, அந்த இரைச்சலுக்குள் நின்று மகளோடு கதைப்பாள். கதைத்து முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வரும் அவசரத்தில் ஃபேனை நிறுத்த மறந்துவிடுவாள்.

அருளம்பலத்துக்குத் தெரிந்தது அந்த மறதி மட்டும். குளியலறை முகட்டில் பூஞ்சணம் பிடித்ததும் தெரியும். ஓய்வுபெற்ற பின் போனில் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஈரப்பதனை அளந்து ஃபேனைத் தானாகவே இயக்கும் சென்சர் ஒன்றை அதில்தான் கண்டார். கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஜெமீலிடம் சொல்லி அதை எடுப்பித்தார். ஜெமீல் பழைய சிநேகிதர். அந்தக் கடையில் தேத்தண்ணீர் குடிக்காத நாள் அவருக்கு நாளில்லை.

"அருளண்ணன், இனி பாத்ரூமுக்கும் மூளை வைக்கப் போறீங்களா?" என்றார் ஜெமீல்.

"மனுசருக்கு மறதி இருக்கு ஜெமீல். இதுக்கு இல்லை."

"மறதி இல்லாமப் போறது நல்லமா? நீங்க ஒண்டையாவது மறந்திருந்தா இந்நேரம் மகள்ட வீட்டுக்கு ஃபேன் கேட்டு வந்திருப்பீங்க."

"இது எத்தனை அம்பியர் தாங்கும்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டீங்களே. பத்து தாங்கும். எடுத்துட்டுப் போங்க."

வீடியோவில் சொன்னபடி அதற்குரிய ஆப்பைப் போனில் இறக்கி, ஈரப்பதன் அறுபது வீதத்தைத் தாண்டினால் ஓடும்படி வைத்தார். மாரிகாலத்தில் திருகோணமலைக் காற்று எப்போது அறுபதுக்குக் கீழே இருந்தது? ஃபேன் இரவு பகல் ஓடியது. அவர் எண்பத்தைந்துக்கு உயர்த்தினார். அதன் பிறகும் மழை அடித்த பின்னேரங்களில் அது தானாகவே இரையும். இராசமலருக்கு அது போதுமாக இருந்தது. சுவிச் போனதைப் பற்றி அவள் முறையிடவில்லை.

மாரி முடிந்து, வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியது. தரையிலிருந்து கடலுக்கு வீசும் அந்தக் காற்றில் கொடியில் போட்ட சீலை ஒரு பாட்டு முடிவதற்குள் காய்ந்துவிடும். குளியலறை காய்ந்து கிடந்தது. வாளியில் பச்சைத்தண்ணீர் அள்ளிக் குளிக்கிற வீடு அது. வீடியோவில் வந்தவர்கள் எல்லோரும் சுடுதண்ணீரில் குளிக்கிறவர்கள். பச்சைத்தண்ணீருக்குச் சென்சர் அசையவில்லை. தகடு போட்ட சுவரை இராசமலர் தடவிப் பார்த்தாள். போன் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது.

"பிறகு எடு பிள்ளை," என்று மூச்சாகச் சொன்னாள்.

பிறகும் அதே பதில்தான். கீர்த்தனிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. சாப்பிட்டது தங்கவில்லை என்று சொல்ல எடுப்பாள், கால் வீங்கியிருக்கிறது என்று சொல்ல எடுப்பாள். "பிறகு" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு அவள் எடுப்பது குறைந்தது.

கச்சான் கிளப்பிய புழுதியில் இராசமலருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்தது. நொச்சி இலை அவித்து வேது பிடித்தாள். குசினியில் காற்று அடித்ததால், ஆவி பறக்கும் பானையைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினாள். போர்வைக்குள் தலையைக் குனிந்து இரண்டு மூச்சு இழுத்திருப்பாள். தலைக்கு மேலே ஃபேன் இரையத் தொடங்கியது.

அவள் போர்வையை விலக்கி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போய்ப் போனை எடுத்து வந்தாள்.

அதன் பின் இராசமலருக்குத் தடிமன் விடவேயில்லை.

"என்னப்பா, திரும்பவும் வேதோ?"

"மூக்கு அடைச்சிருக்கு."

"மருந்து எடுப்பம் வா."

"மருந்து வேண்டாம். வேது பிடிச்சால் சுகமாயிருக்கு."

அருளம்பலம் உண்மையாகவே பயந்தார். பின்னேரங்களில் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கப்பல்துறைக் கிராமத்தில், தன்னோடு முன்பு வேலை செய்த ஒருவரின் வேலியில் நொச்சி நின்றது. மோட்டார் சைக்கிளில் போய்க் கட்டாக முறித்து வந்தார். வாடாமல் இருக்க ஈரச்சாக்கில் சுற்றிவைத்தார். "இந்தா, ஆடாதோடையும் கொஞ்சம் கிடந்தது" என்று நீட்டுவார். அவள் அதை வாங்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க மாட்டாள்.

பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. இராசமலர் அதை வீட்டில் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தாய்தான் மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுக்க வேண்டும், வேதுத் தண்ணீர் வார்க்க வேண்டும். பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்தில் போகக்கூடிய இடத்துக்கு, அவள் குளியலறைக்குள் நின்று சொல்லிக் கொடுத்தாள். எந்த இலையை முதலில் போடுவது, எவ்வளவு சூடு தாங்கும், இடுப்புக்கு எப்படி ஊற்றுவது. இங்கே ஒரு பானை ஆவி விட்டது. கிண்ணியாவில் மாமியார் வைத்த பானை ஆவி விட்டது.

ஒருநாள் பின்னேரம் அருளம்பலம் விறாந்தையில் இருந்து ஃபேனின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அவருக்கு ஒன்று உறைத்தது. வேது பிடித்த தலைக்குக் காற்றுப் படக்கூடாது. அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தான் பூட்டிய ஃபேன்தான் அவள் வேது பிடிக்கப் பிடிக்கக் காற்றை இழுத்து அடிக்கிறது. தடிமன் எப்படி விடும்? தன் முட்டாள்தனத்தை நொந்துகொண்டே எழும்பி, அவளுக்குச் சொல்லலாம் என்று குளியலறை வாசல்வரை வந்தார். வரும்போதே போனில் ஆப்பைத் திறந்து ஃபேனை நிறுத்தினார்.

இரைச்சல் அடங்கியது.

"அப்பான்ர மூக்கேதான் அம்மா," என்று கீர்த்தனியின் குரல் கேட்டது. ஆவியில் போன் நனையாதிருக்க இராசமலர் அதைத் தள்ளிப் பிடித்திருந்தாள். ஸ்பீக்கரில் குரல் தெளிவாக வந்தது. "தும்மினால் கூட அப்பா மாதிரி மூண்டு தரம் தும்முறான். அப்பா எப்பிடி இருக்கிறார்? கச்சானுக்கு அவருக்குக் கண் எரியிறது, மருந்து விடுறவரோ?"

பதில் இல்லை. ஃபேன் நின்றதை இராசமலர் கவனித்துவிட்டாள்.

கதவின் இந்தப் பக்கம் அருளம்பலம் நின்றார். தட்டக் கை உயர்ந்தது. தட்டிவிட்டு என்ன சொல்வது? "கண்ணுக்கு மருந்து விடுறனான் எண்டு சொல்லு" என்றா? முதல் சொல் எது என்று தேடினார். கிடைக்கவில்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை. அதற்கு ஒரு வேலை செய்ய வேண்டும் போல் இருந்தது.

உயர்ந்த கையை இறக்கிப் போனில் விரலை வைத்தார். ஃபேன் திரும்ப ஓடத் தொடங்கியது.

விறாந்தைக்கு வந்து உட்கார்ந்தபோது, தான் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தார். மகளை மன்னித்துவிட்டது போலவும், மனைவிக்கு அனுமதி கொடுத்துவிட்டது போலவும் இருந்தது. மேசை விளக்கு மங்கியதும் விளங்கிக்கொண்டது போல, இதையும் அவர்கள் விளங்கிக்கொள்வார்கள் என்று இருந்தார்.

அன்றிலிருந்து இராசமலர் பானையை அடுப்பில் வைப்பதைக் கண்டால், ஆவி வருமுன்பே அவர் ஃபேனைப் போட்டுவிடுவார். இடையில் அது நிற்காமல் பார்த்துக்கொண்டார். கப்பல்துறைக்குப் போய் நொச்சி முறிப்பதையும் நிறுத்தவில்லை. அவள் ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவளும் எதற்கோ காத்திருப்பது போலத்தான் இருந்தாள்.

பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருக்கும். ஒருநாள் ஜெமீல் தேத்தண்ணீரை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அருளண்ணன், போய்ப் பாத்தீங்களா?"

"ஆரை?"

"ஒங்கட மகளை. ஸப்வானுக்குக் கட்டார்ல வேலை சரி வந்து, நேத்து மூணு பேரும் ப்ளேன் ஏறிட்டாங்களே. வீட்டுல சொல்லல்லையா?"

நேற்று இராசமலர் குளியலறைக்குள் நெடுநேரம் நின்றாள். பானை ஆறிய பிறகும் நின்றாள். அவர் விறாந்தையில் இருந்து, ஃபேன் நிற்காமல் பார்த்துக்கொண்டார். ஒரு சொல்லும் வெளியே கேட்கவில்லை.

"சொன்னவ," என்றார் அருளம்பலம்.

ஜெமீல் தேத்தண்ணீரை வைத்துவிட்டு அப்பால் திரும்பினார்.

கட்டாரிலிருந்து அழைப்புகள் காலையில் வந்தன. அந்த நேரத்துக்கு அருளம்பலம் கடைத்தெருவுக்குப் போய்விடுவார். இராசமலருக்குத் தடிமன் விட்டுவிட்டது. வேதுப் பானை குசினியில் கவிழ்த்துக் கிடந்தது.

மாரி திரும்பி வந்தது. மழை அடித்த ஒரு பின்னேரம் ஃபேன் தானாகவே ஓடியது. உள்ளே ஒருவரும் இல்லை. அருளம்பலம் விறாந்தையில் இருந்து கேட்டார். அது நிற்கவில்லை. எழும்பிப் போய் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, வெள்ளைத் தகட்டைக் கழற்றினார். அலுமாரியில் எடுத்து வைத்திருந்த பழைய சுவிச்சைத் திரும்பப் பூட்டினார்.

இராசமலர் வந்து பின்னால் நின்றாள்.

"ஏன், சென்சர் பழுதாப் போச்சோ?"

"ஓம்."

"அது நல்லாத்தானே வேலை செய்தது."

அவர் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒருநாள் இடையில நிண்டது," என்றாள். "கதவுக்குக் கீழால உங்கட கால் தெரிஞ்சது. நீங்கள் தட்டப் போறீங்கள் எண்டு நினைச்சன். அவளுக்கும் மெல்லமாச் சொன்னனான், அப்பா வாசலில நிக்கிறார், பொறு எண்டு. அவளும் அங்கால கதைக்காமல் இருந்தவள். நான் போனைக் கதவுப் பக்கமா நீட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

வெளியே மழை ஓட்டில் இரைந்தது.

"பிறகு ஃபேன் ஓடத் தொடங்கிட்டுது," என்றாள்.

அருளம்பலம் திருகாணியை இன்னும் ஒருமுறை திருகினார். அது ஏற்கெனவே இறுகியிருந்தது.